கதவைச் சாத்திக்கொண்டு பார்த்த படங்கள்

1985 செப்டம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோ நகரின் காஸ்ட்ரோ திரையரங்கில் 'பட்டீஸ்' என்ற படம் முதன்முதலாகக் காட்டப்பட்டது. எய்ட்ஸை மையமாக வைத்து வந்த முதல் முழுநீளக் கதைப்படம் அது. அமெரிக்க அதிபர் ரீகன் அந்த நோயைப் பற்றிப் பொதுவில் வாய் திறந்ததும் அதே மாதத்தில்தான். சில மாதங்கள் கழித்து, 1986இன் தொடக்கத்தில், 'பார்ட்டிங் கிளான்சஸ்' வந்தது. இரண்டும் நியூயார்க்கில் நடக்கும் கதைகள். இரண்டையும் எழுதி இயக்கியவர்கள் தன்பாலீர்ப்பாளர்கள். பெரிய ஸ்டுடியோக்களின் வாசலுக்குப் போகாமல் எடுத்தவர்கள். இருவரும் அந்த நோய்க்கே இரையானார்கள். 'பட்டீஸ்' இயக்குநர் ஆர்தர் ஜே. பிரெசன் 1987இல் போனார். 'பார்ட்டிங் கிளான்சஸ்' இயக்குநர் பில் ஷெர்வுட் 1990இல்.

படங்களின் தலையெழுத்து மட்டும் ஒன்றுபோல அமையவில்லை. ஷெர்வுட்டின் படம் வீடியோ கேசட்டாகி, டி.வி.டி.யாகி, பல்கலைக்கழகப் பாடத்திட்டம்வரை போனது. பிரெசனின் படம் பல பத்தாண்டுகள் நூல்களில் ஒரு வரியாக மட்டும் இருந்தது. 'எய்ட்ஸ் பற்றிய முதல் படம்' என்று எழுதியவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள் என்பது சந்தேகம்தான். தரத்தில் ஒன்று மேல், மற்றது கீழ் என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. சிறு முதலீட்டில் எடுக்கப்பட்ட தன்பாலீர்ப்புக் கதைப்படங்களின் ஆயுளைத் திரையரங்கோ விமர்சகரோ தீர்மானிக்கவில்லை, வீட்டுக்குள் போகும் வழி அவற்றுக்குக் கிடைத்ததா என்பதே தீர்மானித்தது என்பது என் கட்சி. அந்த வழியை நடத்தியவர்கள் பார்வையாளரைத் தேடிப் பிடித்தார்கள். படத்தைப் பாதுகாக்கும் வேலையை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

முதலில் படங்களைப் பார்த்துவிடலாம். 'பட்டீஸ்' 16 மி.மீ. சுருளில், 9 நாளில், 27,000 டாலரில் எடுத்து முடிக்கப்பட்டது. அந்தக் கையிருப்பின் வறுமையையே பிரெசன் வடிவமாக்கிக்கொண்டார். மருத்துவமனை அறையில் ராபர்ட் என்ற நோயாளி; அவனைக் கவனித்துக்கொள்ள வரும் தன்னார்வலன் டேவிட். படம் முழுக்க நமக்குத் தெரிவது இந்த இருவரின் முகம்தான். செவிலி, டேவிட்டின் காதலன், மற்றவர்கள் எல்லாரும் வெறும் குரல், இல்லையென்றால் முதுகு. கலிஃபோர்னியாவில் தோட்ட வேலை பார்த்தவன் ராபர்ட். அரசியல் பேசுபவன், கோபக்காரன். டேவிட் எச்சரிக்கையான ஆள். அச்சுக்கோப்பது அவன் தொழில். முதல் நாள் முகக்கவசமும் கையுறையுமாக வந்து நிற்பவன், போகப்போக அந்தக் கட்டிலிலேயே ஏறி ராபர்ட்டை அணைத்துக்கொள்கிறான். நோயாளியைத் தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று ஊரே பதறிக்கொண்டிருந்த ஆண்டில் எடுத்த காட்சி இது. வசனம் சில இடங்களில் மேடைப்பேச்சாக நீள்வதை மறைப்பதற்கில்லை. ஆனால் ராபர்ட்டாக நடித்த ஜெஃப் எட்ஹோமின் முகத்தில் இருக்கும் குறும்பு அதையெல்லாம் தாங்கிவிடுகிறது. அவரும் 1989இல் அதே நோயால் இறந்தார்.

'பார்ட்டிங் கிளான்சஸ்' வேறு ஜாதி. வயலின் வாசித்தவர், இசையமைப்பு படித்தவர் ஷெர்வுட். படத்தின் ஓட்டத்திலேயே அது தெரிகிறது. ஏறத்தாழ 24 மணி நேரக் கதை. மைக்கேலும் ராபர்ட்டும் பல ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்பவர்கள். ராபர்ட் வேலை நிமித்தமாக 2 ஆண்டுகள் ஆப்பிரிக்கா போகிறான். வழியனுப்பு விருந்து, அதற்கு முன்னும் பின்னும் நடக்கும் பேச்சுகள், அவ்வளவுதான். மைக்கேலின் பழைய காதலன் நிக் எய்ட்ஸ் நோயாளி, ராக் இசைக்காரன். அவனுக்குச் சோறு சமைத்து எடுத்துக்கொண்டு ஓடுகிறவன் மைக்கேல். நிக்காக வருபவர் ஸ்டீவ் புசெமி. 'ரிசர்வாயர் டாக்ஸ்', 'ஃபார்கோ' படங்களில் அவரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். சாகப்போகிறவன் என்ற பாவத்தை ஒரு நொடிகூட முகத்தில் ஏற்றாமல் நடித்திருக்கிறார். விருந்தின் நடுவில் மாடிப்படியில் உட்கார்ந்து, இசைத்தட்டுக் கடையில் வேலைபார்க்கும் இளைஞன் பீட்டரோடு நிக் பேசும் காட்சிக்காகவே படத்தை இன்னொரு முறை போடலாம். பீட்டருக்கு வாழ்க்கை இனிமேல்தான், நிக்குக்கு முடிந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் பேச்சில் உபதேசமோ அழுகையோ கிடையாது. இளையவனின் அலட்டலை மூத்தவன் ரசித்துக்கொண்டிருக்கிறான்.

நம் பக்கத்து வாசகருக்கு ஒரு துணுக்கு. ராபர்ட்டின் மேலதிகாரியுடைய மனைவி பெட்டியாக வருபவர் யோலண்டே பேவன். கொழும்பில் பிறந்தவர், 1960களில் லேம்பர்ட், ஹெண்ட்ரிக்ஸ் என்ற புகழ்பெற்ற ஜாஸ் பாடகர்களோடு மூன்றாவது குரலாகச் சேர்ந்து பாடியவர். கணவனுக்கு ஆண்கள்மீது ஈர்ப்பு என்று தெரிந்தும், அதைப் பெரிதுபடுத்தாமல் குடித்தனம் நடத்தும் பெண்ணாக நாலைந்து காட்சிகளில் அவர் காட்டும் நிதானம் படத்துக்குத் தனி ருசி சேர்க்கிறது.

இனி வியாபாரத்துக்கு வரலாம். சோனியின் பீட்டாமேக்ஸ் 1975இல் வந்தது, ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். மறு ஆண்டு. வீட்டில் பதிவு செய்து பார்ப்பது குற்றமல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இல் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கேசட்டை விலை கொடுத்து வாங்கியவர் அதை வாடகைக்கு விடலாம் என்பது பதிப்புரிமைச் சட்டத்தின் பழைய விதி. இந்த இரண்டின்மேல்தான் தெருவுக்குத் தெரு வீடியோ கடைகள் முளைத்தன. படம் எடுத்த சுயாதீன இயக்குநருக்கு இதில் என்ன? திரையரங்கு என்றால் நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ், சான்ஃபிரான்சிஸ்கோ என்று விரல்விட்டு எண்ணக்கூடிய ஊர்கள். போஸ்டர் ஒட்டவே பணம் வேண்டும். கேசட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. கான்சாஸில் ஒரு கடைக்காரர் ஒரே ஒரு பிரதி வாங்கி அலமாரியில் வைத்தால் போதும், அந்த ஊரில் படம் 'ஓடும்', மாதக்கணக்கில்.

பெரிய கடைகள் இதற்கு இடம் கொடுக்கத் தயங்கின. 1985இல் டல்லஸில் தொடங்கிய பிளாக்பஸ்டர், குடும்பத்தோடு வரும் கடை என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்ளவே பாடுபட்டது, வயதுவந்தோர் மட்டுமே பார்க்கலாம் என்ற என்.சி.-17 சான்றிதழ் பெற்ற படங்களை வைக்க மாட்டோம் என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தது. ஆக, வேலையைச் செய்தவர்கள் சிறியவர்கள்தான். கலிஃபோர்னியாவில் கேத்தி வுல்ஃப் 1985இல் தொடங்கிய வுல்ஃப் வீடியோ, பிலடெல்ஃபியாவின் டி.எல்.ஏ., 1989இல் பிறந்த ஸ்டிராண்ட் ரிலீசிங், திரைப்பட விழாவாகத் தொடங்கி விநியோகமும் செய்த ஃபிரேம்லைன். தபால் வழி விற்பனை இவர்களில் சிலருக்குச் சோறு போட்டது. கடைக்கு நேரில் போய், தெரிந்த முகம் உட்கார்ந்திருக்கும் கல்லாவில் அந்தக் கேசட்டை நீட்டத் துணியாதவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்களே!

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. யார் எந்தக் கேசட்டை எடுத்தார் என்பது கடையின் பேரேட்டில் ஏறிவிடும். 1987இல் உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு ராபர்ட் போர்க் என்பவரை ரீகன் முன்மொழிந்தார். அந்தப் பரபரப்பில் வாஷிங்டன் வாரப் பத்திரிகை ஒன்று, போர்க் குடும்பம் வாடகைக்கு எடுத்த 146 கேசட்டுகளின் பட்டியலைக் கடையிலிருந்து வாங்கி அச்சிட்டுவிட்டது. பட்டியலில் ஹிட்ச்காக், மார்க்ஸ் சகோதரர்கள் போன்ற சாதுவான சங்கதிகள்தான். ஆனாலும் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. நாளைக்கு நம் பட்டியல் வந்தால்? மறு ஆண்டே, 1988இல், வீடியோ தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. மருத்துவப் பதிவேடுகளுக்கு இல்லாத பாதுகாப்பு வீடியோ வாடகைக்கு வந்துவிட்டது என்று அப்போது கேலி பேசினார்கள். கேலி செய்தவர்களுக்கு மறைக்க எதுவும் இருந்திருக்காது. பல மாநிலங்களில் ஓரினப் பாலுறவு குற்றமாகவே இருந்த காலம் அது. வேலையும் பிள்ளைகளின் பொறுப்பும் ஒரு வாடகைச் சீட்டில் பறிபோகக்கூடிய நிலையில் இருந்தவர்களுக்குத்தான் அந்தச் சட்டம் யாருடைய கதவைச் சாத்த உதவியது என்பது தெரியும்.

இதன் இரண்டாம் அங்கம் இருபது ஆண்டுகள் கழித்து நடந்தது. தபாலில் டி.வி.டி. அனுப்பிக்கொண்டிருந்த நெட்ஃபிளிக்ஸ், தன் பரிந்துரை முறையை மேம்படுத்துபவருக்கு 10 லட்சம் டாலர் என்று 2006இல் போட்டி வைத்தது. போட்டியாளர்களுக்காக ஏறக்குறைய 4,80,000 வாடிக்கையாளர்கள் படங்களுக்கு அளித்த மதிப்பெண் விவரங்களைப் பெயர் நீக்கி வெளியிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த அர்விந்த் நாராயணனும் அவருடைய பேராசிரியர் விட்டாலி ஷ்மாட்டிகோவும், வேறு தளங்களில் ஒருவர் வெளிப்படையாகப் போட்ட சில மதிப்பெண்களை வைத்தே அந்தப் பெயரில்லாப் பட்டியலில் அவரை அடையாளம் கண்டுவிடலாம் என்று காட்டினார்கள். 2009 இறுதியில் ஒரு பெண் பெயரை வெளியிடாமல் நெட்ஃபிளிக்ஸ்மீது வழக்குத் தொடுத்தார். பிள்ளைகளுக்குத் தாய், தன்பாலீர்ப்பாளர். அது வெளியில் தெரியாமல் வாழ்பவர். தான் பார்த்த படங்களே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் வாதம். நடத்தவிருந்த இரண்டாவது போட்டியை நிறுவனம் 2010இல் கைவிட்டது. ஒருவர் எந்தப் படத்தைப் பார்த்தார் என்பதை எந்திரம் கணக்கு வைக்கத் தொடங்கியபோது, முதலில் பயந்தவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கடையலமாரி இன்னொரு வினையும் செய்தது. குடும்பச் சண்டையோ, நோயோ, பிரிவோ, கதை எதுவானாலும் இந்தப் படங்கள் பெரும்பாலும் ஒரே தட்டில் அடுக்கப்பட்டன. அந்தத் தட்டில் அடுத்த கேசட்டோடு போட்டிபோட, அட்டையில் சட்டையில்லாத இளைஞன் ஒருவன் ஏறி உட்கார்ந்தான். உள்ளே இருப்பது இரண்டு நடுவயதுக்காரர்கள் சமையலறையில் பேசும் படமாக இருக்கும்! விற்பவர் தரப்பு நியாயம் எனக்குப் புரிகிறது. அட்டைதான் வாடகையைக் கொண்டுவருகிறது. ஆனால் அட்டையை நம்பி எடுத்தவனுக்கு ஏமாற்றம், அட்டையைப் பார்த்து ஒதுங்கிய சினிமா ரசிகனுக்கு இழப்பு. நல்ல நாடகங்கள் பல இப்படி இரண்டு பக்கமும் ஆள் இல்லாமல் நின்றன.

இதைவிடப் பெரிய சிக்கல் கண்ணில் படாத இடத்தில் இருந்தது. கேசட் கிடைத்துக்கொண்டிருந்ததால், படம் பத்திரமாக இருப்பதாக எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். கேசட் என்பது பிரதியின் பிரதி. 16 மி.மீ. படத்தின் இருண்ட காட்சிகள் அதில் சேறாகத் தெரியும். நெகடிவ் எங்கோ ஒரு லேபில் கிடக்கும். லேபை மூடுவார்கள், வாடகை கட்ட ஆள் இல்லையென்றால் சுருள் குப்பைக்குப் போகும். ஸ்டுடியோப் படத்துக்குக் கேட்பாரற்ற நிலை வராது, சொத்துக்கணக்கில் அதற்கு ஓர் எண் இருக்கும். சுயாதீனப் படத்துக்கு ஒரே பாதுகாவலர் இயக்குநர். அந்தத் தலைமுறை இயக்குநர்களோ நாற்பதைத் தொடுவதற்குள்ளும் தொட்ட கையோடும் செத்துக்கொண்டிருந்தார்கள். ஷெர்வுட் எடுத்த முழுநீளப் படம் அந்த ஒன்றுதான். சாகும்போது அவருக்கு வயது 37. உரிமை யாரிடம், நெகடிவ் எங்கே, படத்தில் ஒலிக்கும் பாட்டுகளுக்கு வாங்கிய அனுமதி எதுவரை செல்லும் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல ஆள் இல்லாமல் போனது பல படங்களுக்கு. விநியோக நிறுவனங்களும் நிலைக்கவில்லை. 'பார்ட்டிங் கிளான்சஸ்' படத்தைத் திரையிட்ட சினிகாம் 1990களின் தொடக்கத்திலேயே மூழ்கிவிட்டது.

2005இல் லாஸ் ஏஞ்சலிஸின் அவுட்ஃபெஸ்ட் திரைப்பட விழாவும் யு.சி.எல்.ஏ. திரைப்பட ஆவணக் காப்பகமும் சேர்ந்து ஒரு மீட்புத் திட்டம் தொடங்கியது இதனால்தான். அவர்கள் முதலில் கையிலெடுத்துப் புதுப்பித்த படம் 'பார்ட்டிங் கிளான்சஸ்'. கஸ் வான் சான்ட் 25,000 டாலரில் கறுப்பு வெள்ளையில் எடுத்த முதல் படமான 'மாலா நோச்சே' (1985) வெகு காலம் கைக்கு அகப்படாமல் இருந்து, 2007இல் கிரைட்டீரியன் நிறுவனத்தின் டி.வி.டி.யாக வந்தது. அந்த இயக்குநர் உயிரோடு இருந்தார், புகழும் பெற்றிருந்தார் என்பதை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

புதுப்பித்த பதிப்புதான் கடைசி வார்த்தை என்றும் நம்பிவிட முடியாது. வாங் கர்-வாய் இயக்கிய 'ஹேப்பி டுகெதர்' (1997) புவனோஸ் அய்ரெஸில் அலையும் இரண்டு ஹாங்காங் ஆண்களின் காதல் கதை. அதன் நெகடிவின் ஒரு பகுதி 2019இல் நடந்த தீவிபத்தில் சேதமானது. படத்தோடு சில இடங்களில் ஒலியும் போயிற்று. நடிகர் டோனி லியுங்கின் தனிப்பேச்சுகள் சிலவற்றைச் சுருக்கித்தான் புதிய பதிப்பை முடிக்க முடிந்தது என்று இயக்குநரே எழுதியிருக்கிறார். விளைவு என்னவென்றால், 2021இல் வந்த ப்ளூரேயில் இல்லாத வார்த்தைகள் மங்கலான பழைய டி.வி.டி.யில் இருக்கின்றன. வீட்டில் பழைய தட்டு வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

ஆண்ட்ரூ ஹேயின் 'வீக்எண்ட்' (2011) இந்தக் கதையின் செழிப்பான அத்தியாயம். நாட்டிங்காமில், ஏறத்தாழ 1,20,000 பவுண்டில், கதை வரிசையிலேயே படம் பிடித்தார்கள். வெள்ளி இரவு சந்திக்கும் இருவர். ஞாயிறன்று அதில் ஒருவன் 2 ஆண்டுகளுக்கு அமெரிக்கா போகிறான். கால் நூற்றாண்டுக்கு முன் ஷெர்வுட் போட்ட கணக்கு அப்படியே இதில் திரும்ப வருவதைப் பாருங்கள்: குறுகிய பொழுது, 2 ஆண்டுப் பிரிவு, நடுவில் ஒரு விருந்து, நிறையப் பேச்சு. நோய் மட்டும் விலகியிருக்கிறது. அது விலகிய இடத்தில், பொது இடத்தில் கையைப் பிடிப்பதா வேண்டாமா என்ற சின்னக் கேள்வி பெரிதாகிறது. நீச்சல்குளத்தில் உயிர்காப்பாளனாக வேலை பார்க்கும் ரஸ்ஸல் கூச்சக்காரன். கிளென் கலைஞன். முதல் இரவுக்கு மறுநாள் காலை, படுக்கையிலேயே ஒலிப்பதிவுக் கருவியை நீட்டி, நடந்ததைச் சொல்லு என்று கேட்கிறான். ரஸ்ஸல் அந்தக் கருவியைப் பார்க்கும் பார்வையில் ஒரு மனிதனின் முப்பது வருட மறைப்பு தெரிகிறது. அந்த நிமிடம் சற்று நெருக்கத்தில், ஏறக்குறைய வெட்டே இல்லாமல் எடுக்கப்பட்டிருப்பது தற்செயல் அல்ல.

'வீக்எண்ட்' மறு ஆண்டே கிரைட்டீரியன் ப்ளூரேயாக வந்துவிட்டது. அதே படம் 2016இல்தான் இத்தாலித் திரையரங்கை எட்டியது. கத்தோலிக்க ஆயர் பேரவையின் திரைப்படக் குழு அதைப் பரிந்துரைக்கத் தகாதது என்று முத்திரை குத்தியது. இத்தாலியில் கலைப்படங்களைத் திரையிடும் அரங்குகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை திருச்சபையின் கையில். கிடைத்தது 10 திரைகள். நான்கு ஆண்டுகளாக உலகெங்கும் வீட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த படத்துக்குத் திரையரங்கில் நேர்ந்த கதி இது. கேசட் காலத்தோடு முடிந்துபோன கணக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இன்று இணையத்தில் கிடைக்கிறதே, பிறகென்ன என்பார்கள். நியாயம் உண்டு. ஸ்ரீதர் ரங்கையனின் 'குலாபி ஆயினா'வுக்கு இந்தியத் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது 2003இல். அது 2015இல் நெட்ஃபிளிக்ஸில் ஏறியது. அந்த வழி இல்லையென்றால் படவிழாக்களுக்கு வெளியே அதற்குப் பார்வையாளர் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் உரிம ஒப்பந்தம் முடிந்த நாளில் படம் தளத்திலிருந்து இறங்கிவிடும். பார்த்தவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. வாடகைக் கடை மூடினால்கூடக் கேசட்டுகள் எங்கேயோ போய்ச் சேர்ந்தன. நியூயார்க்கின் புகழ்பெற்ற கிம்ஸ் வீடியோவின் சுமார் 55,000 படங்கள் சிசிலித் தீவின் சாலெமி என்ற சிற்றூர்வரை கப்பலேறி, ஆண்டுகள் கழித்து 2022இல் நியூயார்க்குக்கே திரும்பி வந்திருக்கின்றன. தளத்திலிருந்து இறங்கிய படத்துக்கு அப்படிப் போய்க் கிடக்க ஒரு சாலெமி கிடையாது. தவிர, கதவைச் சாத்துவதும் இப்போது நடக்காத காரியம். எந்த நிமிடத்தில் நிறுத்தினோம் என்பதுவரை தளத்துக்குத் தெரியும்.

'பட்டீஸ்' மீண்டது எப்படி என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. பிரெசனின் சகோதரியும் திரைப்பட வரலாற்றாளர் ஜென்னி ஆல்சனும் சேர்ந்து அவருடைய படங்களை மீட்கும் வேலையில் இறங்கினார்கள். 2018இல் 'பட்டீஸ்' புதுப்பிக்கப்பட்டு ப்ளூரேயாக வந்தது. வெளியிட்ட நிறுவனம் வினிகர் சிண்ட்ரோம். 2012இல் தொடங்கிய இந்த நிறுவனத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது எது தெரியுமா? 1970களின் பேய்ப்படங்களையும் வயதுவந்தோருக்கான பாலுறவுப் படங்களையும் குப்பையிலிருந்து பொறுக்கி, மூல நெகடிவிலிருந்து துல்லியமாக வருடி விற்பது. பிரெசனும் பிழைப்புக்கு அந்தவகைப் படங்களை இயக்கியவர்தான். அவற்றிலும் தன் கைவண்ணத்தைக் காட்டியவர். கௌரவமான படக் காப்பகங்களும் பெரிய விநியோகஸ்தர்களும் முப்பது ஆண்டுகளாக விட்டுவைத்த எய்ட்ஸ் காலத்தின் முதல் கதைப்படம், நீலப்பட ரசிகர்களின் காசில் நடக்கும் கடை வழியாக வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. படத்தைப் பற்றி எழுதும் விமர்சகர்கள் பலரும் இந்தக் கடைசிச் செய்தியை நாசூக்காகத் தாண்டிவிடுகிறார்கள். பிரெசன் தாண்டியிருக்க மாட்டார்.